நோயாளி அழுதாலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 28. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, சென்னையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் ஐந்து வருடமாக இருக்கிறேன். எங்கள் வார்டில் பாதிக்கு மேல் வெளி மாநிலத்துக்காரர்கள், வெளிநாட்டுக்காரர்கள். மேற்கு வங்காளம், ஒடிசா, அப்புறம் பங்களாதேஷ். எனக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும், இந்தி அரைகுறை. பகலில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பார். இரவில் யாரும் கிடையாது. நைட் டியூட்டியில் 26 நோயாளிகளுக்கு நாங்கள் இரண்டு பேர்.

பத்து நாளைக்கு முன், விடிந்தால் வயிற்றில் ஆபரேஷன் என்றிருந்த ஒரு வங்காளி அம்மாவிடம் கை வளையல்களைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்று கையை இழுத்துக்கொண்டார். அதற்குள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து (ஓ.டி.) இரண்டு தடவை போன் வந்துவிட்டது. சத்தம் போட்டேன். கையைப் பிடித்து சோப்புத் தண்ணீர் விட்டுக் கழற்றப் பார்த்தேன். வெள்ளை வளையல் ஒன்று உடைந்துவிட்டது. அவர் அழுத அழுகையில் வார்டே கூடிவிட்டது. மகள் புகார் கொடுத்தார். என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் எல்லோருக்கும் ‘கலாச்சாரப் புரிதல்’ என்று இரண்டு மணி நேரம் வகுப்பும் வைத்தார்கள், நைட் முடித்தவர்களை வீட்டுக்கு விடாமல்.

எனக்கு உறுத்துவது வேறு. அவர் அழுதபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ‘ஏழாம் பெட் லேட் ஆகிறது’ என்று மட்டும்தான் மனதில் ஓடியது. இப்போது வார்டுக்கு லிஃப்ட் ஏறும்போதே வயிற்றைப் பிசைகிறது. நோயாளியோடு கூட இருக்கும் அட்டெண்டர் யாராவது இந்தி பேசிக்கொண்டு வந்தாலே எரிச்சல் வருகிறது. நான் இப்படி இருந்தவள் இல்லை. கெட்டவளாகிவிட்டேனா மேடம்? வேலையை விட்டுவிடட்டுமா? அவர்கள் பயாப்ஸி முடிவுக்காக இன்னும் பக்கத்து லாட்ஜில்தான் இருக்கிறார்கள். வியாழக்கிழமை ரிவ்யூவுக்கு வருவார்கள். நான் லீவு போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

பெயர் வேண்டாம், சென்னை

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

உங்கள் கடைசிக் கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கெட்டவளாகிவிடவில்லை. கெட்டுப்போன மனசு, ‘எனக்கு ஏன் ஒன்றும் தோன்றவில்லை’ என்று உட்கார்ந்து கடிதம் எழுதாது. வேலையை விடுவதா வேண்டாமா என்பதை இந்த மாதம் முடிவு செய்யாதீர்கள். லீவு எடுங்கள், ஆனால் வியாழக்கிழமை வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் 33 வருடம் வார்டில் இருந்தவள். அதில் கடைசிப் பதினோரு வருடம் மனநலப் பிரிவு. உங்களுக்கு இதமாக இருக்கும் என்று எதையும் மெழுகிப் பூசி எழுதப் போவதில்லை.

அந்த வளையலிலிருந்து தொடங்குகிறேன். அது என்ன என்று உங்கள் வகுப்பில் சொன்னார்களோ இல்லையோ. வங்காளத்து இந்துக் கல்யாணத்தில் பெண்ணுக்கு இரண்டு கையிலும் வெள்ளைச் சங்கு வளையலும் சிவப்பு வளையலும் போடுவார்கள். சங்கு வளையலுக்கு ஷாக்கா என்று பெயர், சிவப்புக்குப் போலா. கூட ஒரு இரும்புக் காப்பும் இருக்கும். புருஷன் இறந்தால்தான் ஷாக்காவை உடைத்துக் கழற்றுவார்கள். தவறிக் கீழே விழுந்து உடைந்தால்கூட ‘உடைந்துவிட்டது’ என்று வாயால் சொல்ல மாட்டார்கள், ‘பெருகிவிட்டது’ என்று அர்த்தம் வரும்படி மாற்றிச் சொல்வார்கள். நம் பக்கம் விளக்கு அணைந்தது என்று சொல்லாமல் மலையேறிவிட்டது என்கிறோமே, தாலிக் கயிறு இற்றுப் போனால் ‘பெருகிவிட்டது’ என்பவர்களும் இருக்கிறார்களே, அதே பேச்சு. விடிந்தால் ஆபரேஷன், வெளியே புருஷன் காத்திருக்கிறார், பாஷை தெரியாத ஊர். அந்த நேரத்தில் கையில் அது உடைந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கையைப் பிடித்து இழுத்தது தவறு. நகையானாலும் நாடித்துடிப்பானாலும், வேண்டாம் என்று இழுத்துக்கொண்ட கையை நாம் பிடிக்கக் கூடாது.

ஆனால் இதையும் யோசித்துப் பாருங்கள். நம் ஊர் அம்மா ஒருவரின் தாலியை இந்த ஐந்து வருடத்தில் எத்தனை தடவை கழற்ற வைத்திருப்பீர்கள்? ‘கழற்றுங்க’ என்றா சொல்வீர்கள்? மாமியாரையோ அம்மாவையோ கூப்பிடுவீர்கள். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டி முதலில் கழுத்தில் போடச் சொல்வீர்கள். ‘சாமியக் கும்பிட்டுட்டுக் குடுங்கம்மா, ஆபரேஷன் முடிஞ்ச உடனே நானே குடுக்கச் சொல்றேன்’ என்பீர்கள். அந்த அம்மாவும் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்துவிடுவார். எந்த வகுப்பிலும் இதை உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அம்மை போட்ட வீட்டில் எப்படிப் பேச வேண்டும், பச்சை உடம்புக்காரி ஏன் தலைக்குக் குளிக்க மாட்டேன் என்கிறாள், இதெல்லாம் உங்கள் கையில் தானாக இருக்கிறது. கலாச்சாரப் புரிதல் என்று பெரிய வார்த்தையில் சொல்வது இதைத்தான். தெரிந்த ஊருக்கு அது இருக்கிறது, தெரியாத ஊருக்கு இன்னும் வரவில்லை.

ஷாக்காவுக்கும் வழி இருந்தது. சங்கு உலோகம் இல்லை. ஓ.டி.யில் கரன்ட் வைத்து அறுக்கும் கருவிக்கு இரும்புக் காப்புதான் சிக்கல். கை வீங்கினால் வளையல் இறுகும் என்று மயக்க மருந்து டாக்டர் யோசிக்கலாம். அவரிடம் முந்தின நாள் மாலையே கேட்டிருந்தால், வளையல் இருக்கட்டும், மேலே காஸ் துணி சுற்றி ஒட்டிவிடுங்கள், டிரிப்ஸை அடுத்த கையில் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். கழற்றியே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தால் மகளையோ கணவரையோ வைத்து, அவர் கையாலேயே மெல்லக் கழற்றி, பதிலுக்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் இருக்கும் நேரத்தில் இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. விடிகாலை ஐந்தரைக்கு, ஓ.டி. போன் அடிக்கும்போது, 26 பேருக்கு இரண்டு பேராக நிற்கும்போது அந்த ஐந்து நிமிடம் உங்களிடம் இல்லை.

அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு கிடக்கின்றன. மக்களைப் புரிந்துகொள்ளாமல் வேலை செய்தால் ஒவ்வொரு சின்ன விஷயமும் சண்டையாகி உங்களைக் களைப்பாக்குகிறது. களைத்துப் போனால் புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையே செத்துப் போகிறது. எது முதலில் வந்தது என்று உங்கள் மருத்துவமனை கேட்கவில்லை, நேராக வகுப்புக்கு அனுப்பிவிட்டது.

‘ஒன்றுமே தோன்றவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குப் பெயர் இருக்கிறது. 1974-இல் நியூயார்க்கில் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், இலவச மருத்துவ மையத்தில் ஆர்வமாகச் சேர்ந்த ஆட்கள் கொஞ்ச காலத்தில் வெறும் கூடாகிப் போவதைப் பார்த்து அதற்கு ‘பர்ன் அவுட்’ (பணிச்சோர்வு) என்று பெயர் வைத்து எழுதினார். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். அதில் மூன்று விஷயம் பார்ப்பார்கள். மனசு வற்றிப் போவது ஒன்று. எதிரே இருப்பவர் ஆளாகத் தெரியாமல் பெட் நம்பராக, கேஸாகத் தெரிவது இன்னொன்று. ‘நான் என்னத்தைச் செய்து கிழித்தேன்’ என்று தன் வேலையே அர்த்தமில்லாமல் தோன்றுவது மூன்றாவது. லிஃப்டில் வயிற்றைப் பிசைவது, ஏழாம் பெட், கெட்டவளாகிவிட்டேனா என்ற கேள்வி. உங்கள் கடிதத்தில் மூன்றும் வரிசையாக இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதைத் தன் நோய்ப் பட்டியலில் விளக்கியபோது, இது நோய் அல்ல, வேலையிடத்து நெருக்கடி நீண்ட நாள் கவனிக்கப்படாமல் போனதால் வருவது என்று தெளிவாக எழுதியது. வேலையிடம் என்ற வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கக் கடிதம் எழுதும்போது வேண்டியிருக்கும்.

மனசு மரத்துப் போவது உங்கள் குணம் மாறியதால் வந்ததில்லை. தாங்க முடியாத வலி வந்தால் உடம்பு மயங்கி விழுகிறதே, அதுபோல மனசு செய்கிற ஒரு தற்காப்பு. ஆபத்து என்னவென்றால், அது முதலில் தின்பது இரக்கத்தை இல்லை. ‘ஏன்?’ என்று இன்னொரு கேள்வி கேட்கும் ஆர்வத்தைத்தான் முதலில் தின்கிறது. இதை நான் சொந்த அனுபவத்தில் கற்றேன்.

2008 என்று நினைவு. டபுள் டியூட்டியில் இரண்டாவது ராத்திரி. பாலம் கட்ட பீகாரிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர், முப்பத்தெட்டு வயது, கால் எலும்பு முறிந்து வார்டில் இருந்தார். ராத்திரி ஒரு மணி வாக்கில் கூப்பிட்டு, ‘சிஸ்டர், கப்ராஹட்’ என்றார். எனக்கு அந்த இந்தி வார்த்தை தெரியும், பதற்றம், பயம். ஊரை விட்டு வந்தவன், பயப்படுகிறான் என்று நினைத்துத் தோளைத் தட்டி, பயப்படாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பக் கூப்பிட்டார். திரும்பப் போய் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை நான் போகவில்லை. ஆயாம்மாவை அனுப்பினேன். அவர் ஓடி வந்து சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. ‘வேர்த்து ஊத்துது சிஸ்டர், பனியன் புழிஞ்சா தண்ணி வரும்.’ ஈ.சி.ஜி. எடுத்தோம். மாரடைப்பு. ஆயாம்மாவால் அவர் பிழைத்தார்.

கப்ராஹட் என்றால் பயம் மட்டுமில்லை. நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டுவது, உள்ளே ஏதோ செய்வது எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கத்து மக்கள் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வார்கள். நம் ஊர்ப் பாட்டி ‘என்னமோ பண்ணுதும்மா’ என்றால் நாம் பாட்டி எதையோ பேசுகிறாள் என்றா விடுகிறோம்? உடனே பி.பி. பார்ப்போம், நெஞ்சில் கை வைத்து இங்கேயா என்று கேட்போம். அந்த ‘இங்கேயா’ என்ற ஒரு கேள்வியை நான் அவரிடம் கேட்கவில்லை. வார்த்தை தெரியாததால் இல்லை, தெரியும் என்று நினைத்ததாலும் முப்பது மணி நேரமாகத் தூங்காததாலும்.

அதனால்தான் ‘வங்காளிகள் இப்படி, முஸ்லிம்கள் அப்படி’ என்று பட்டியல் போடும் வகுப்புகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பட்டியல் தெரிந்தவர் கேட்பதை நிறுத்திவிடுவார். வங்காளிப் பெண்களில் ஷாக்கா போடாதவர்களும் ஏராளம். நியூசிலாந்தில் ஐரிஹபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரி செவிலியர் இதை வேறு மாதிரி யோசித்தார். நோயாளியின் கலாச்சாரத்தை மனப்பாடம் செய்வதற்கு முன் செவிலியர் தன்னுடைய பழக்கத்தையும் முன்முடிவையும் பார்க்க வேண்டும், கவனிப்பு பத்திரமாக இருந்ததா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியவர் நோயாளிதான் என்றார். 1990களின் தொடக்கத்தில் அந்த நாட்டு நர்சிங் பாடத்திலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். நமக்கும் அது பொருந்தும். வெளி மாநிலத்துக்காரரை விடுங்கள், நம் ஊர் நோயாளியிலேயே படித்தவருக்கு ஒரு குரலும், கைலி கட்டி வந்தவருக்கு ஒரு குரலும் நமக்கு வருகிறதா இல்லையா? எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுப் பேச்சு மாறுகிறவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். இதை எந்த வகுப்பும் எடுப்பதில்லை.

சரி, நாளைக்கு என்ன செய்யலாம்?

ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 1978-இல் ஒரு கட்டுரையில், நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று எட்டுக் கேள்விகள் எழுதினார்கள். எட்டையும் கேட்க நம் வார்டில் நேரமில்லை. அதிலிருந்து இரண்டை எடுத்து, மூன்றாவதாக என்னுடையது ஒன்றைச் சேர்த்து வைத்துக்கொண்டேன். இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? எதை நினைத்து ரொம்பப் பயமாக இருக்கிறது? நாங்கள் செய்யப் போவதில் எது உங்களுக்குச் சங்கடம்? இந்த மூன்றையும் சேர்க்கை போடும் அன்றே, மொழிபெயர்ப்பாளர் இருக்கும்போதே கேட்டு, கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். ‘வளையல் கழற்றச் சம்மதமில்லை, மகளிடம் பேசவும்.’ இந்த ஒரு வரி இருந்திருந்தால் விடிகாலையில் நீங்கள் தனியாக நின்றிருக்க மாட்டீர்கள். நகை கழற்றியாயிற்றா என்று ஆபரேஷன் காலையில் டிக் செய்கிறீர்களே, அந்தக் கட்டத்தை முந்தின நாள் மாலைக்கு மாற்றச் சொல்லி உங்கள் இன்சார்ஜிடம் கேளுங்கள். காசு செலவில்லாத மாற்றம்.

மொழி விஷயத்தில் மலைக்காதீர்கள். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் பாக்கெட்டில் வையுங்கள். நமக்குக் கஷ்டம், வங்காளிக்குக் கொஷ்டோ, ஒடியாவுக்கும் கஷ்ட. ‘கொஷ்டோ ஹொச்சே?’ என்றால் ‘கஷ்டமா இருக்கா?’ மூச்சு முட்டினால் அவர்கள் சொல்வது ஷாஷ்கொஷ்டோ. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், சுவாச கஷ்டம்தான் அது! வலிக்குப் பேத்தா, வாந்திக்குப் பொமி. பதினைந்து வார்த்தை போதும், வலி எங்கே, மூச்சு, வாந்தி, தலைசுற்றல், மூத்திரம், பயம். வங்காளி பேசுகிறவர்களிலேயே தண்ணீரை ஜோல் என்பவர்களும் உண்டு, பானி என்பவர்களும் உண்டு. இரண்டையும் எழுதி வையுங்கள்.

இரவில் உங்கள் வார்டைத் துடைக்கும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களில் ஒடிசாக்காரர், வங்காளி யாராவது இருப்பார்கள். அவசரத்துக்கு அவர்களைக் கூப்பிடுவது எல்லா மருத்துவமனையிலும் நடக்கிறது. கூப்பிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், யார் மூலம் பேசினோம் என்று எழுதுங்கள். ஆபரேஷன் சம்மதம் மாதிரி விஷயத்துக்கு மட்டும் அவர்களையோ சொந்தக்காரரையோ நம்பி இருக்காதீர்கள். மருமகளிடம் மாமியாரின் மூத்திரக் கோளாறைக் கேட்டால் பாதிதான் வெளியே வரும். சின்னப் பிள்ளைகளை ஒருபோதும் மொழிபெயர்க்க விடாதீர்கள்.

அட்டெண்டர்களைப் பற்றி. ஹவுரா பக்கத்து ஷாலிமாரிலிருந்து வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சுமார் 1,660 கிலோமீட்டர் ஓடி வருகிறது. ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து, நிலத்தையோ நகையையோ அடகு வைத்து வந்தவர்கள் அவர்கள். நீங்கள் எரிச்சல்படுகிற அந்த இந்தி, அவர்களில் பலருக்கும் உங்களைப் போலவே அரைகுறைதான். உங்களிடம் பேசத்தான் அந்தப் பாஷையைத் தேடிப் பிடித்துப் பேசுகிறார்கள். நர்சிங் ஸ்டேஷனில் பத்துத் தடவை வந்து நிற்பது யாரும் எதுவும் சொல்லாததால். ‘எட்டு மணிக்கு நானே பெட்டுக்கு வந்து சொல்கிறேன்’ என்று விரலைக் காட்டிச் சொல்லி, எட்டு மணிக்குப் போய்விடுங்கள். இரண்டே நாளில் வந்து நிற்பது பாதியாகக் குறையும். நான் செய்து பார்த்தது.

புரிந்துகொள்வது என்றால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கையைப் பிடிப்பது, கெட்ட வார்த்தை, அடிக்க வருவது, இதற்கெல்லாம் எந்த ஊர்க் கலாச்சாரமும் சாக்காகாது. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்க 2008-இல் வந்த சட்டம் செவிலியருக்கும் உண்டு. உடனே இன்சார்ஜிடம் சொல்லி எழுத்தில் வையுங்கள்.

இனி முக்கியமானது. மேலே சொன்ன எல்லாம் உங்கள் களைப்பில் ஒரு பங்கைக் குறைக்கும். தினமும் நடக்கும் சின்னச் சண்டைகளையும், வீட்டுக்குப் போன பிறகு அரிக்கும் குற்ற உணர்வையும் குறைக்கும். ஆனால் 26 பேருக்கு இரண்டு பேர் என்ற கணக்கை அது மாற்றாது. 2002-இல் லிண்டா ஏய்க்கனும் குழுவும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை வைத்து ஆராய்ந்து எழுதினார்கள். ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், செவிலியர் பர்ன் அவுட் ஆகும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடுகிறது என்று வந்தது. கூடியது ஒரே ஒரு நோயாளி. நம் நாட்டில் மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு வகுத்த கணக்கிலேயே பொது வார்டில் ஆறு பேருக்கு ஒரு செவிலியர். உங்களுக்குப் பதின்மூன்று. உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதன்படி அமைந்த குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் அரசு செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும் என்றது. உங்கள் கையில் எவ்வளவு வருகிறது என்று நான் கேட்கப் போவதில்லை. ஆள் போடாமல், சம்பளம் கூட்டாமல், இரவு மொழிபெயர்ப்பாளர் வைக்காமல், வகுப்பு மட்டும் எடுத்துவிட்டு ‘செவிலியருக்குப் புரிதல் போதவில்லை’ என்று முடித்துக்கொள்வது அநியாயம். அதை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆகவே விளக்கக் கடிதத்தை இப்படி எழுதுங்கள். முதல் பத்தியில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல். கையைப் பிடித்துக் கழற்ற முயன்றது தவறு, அதற்கு வருந்துகிறேன் என்று நேராக. இரண்டாவது பத்தியில் அன்று இரவு நோயாளிகள் எத்தனை, செவிலியர் எத்தனை, அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் கையில் இருந்த மற்ற வேலைகள் என்ன, மொழிபெயர்ப்பாளர் இல்லை என்பது, எல்லாம் நேரத்தோடு. மூன்றாவதில் நீங்கள் கேட்கும் மாற்றங்கள். நகைக் கட்டம் மாலைக்கு மாற வேண்டும், இரவில் போனிலாவது மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இரவு ஷிப்டுக்கு இன்னும் ஒருவர் வேண்டும். தேதி போட்டு, நகல் ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் உங்கள் வார்டு சிஸ்டர்கள் நாலு பேர் சேர்ந்து மூன்றாவது பத்தியைத் தனிக் கடிதமாகவும் கொடுங்கள். தனியாகக் கேட்டால் முணுமுணுப்பு என்பார்கள்.

உங்களைப் பற்றிக் கொஞ்சம். தூக்கம் எப்படி இருக்கிறது என்று எழுதவில்லை. நைட் முடித்த பகலில் ஜன்னலை இருட்டாக்கி, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். ஹாஸ்டல் என்றால் அறைத் தோழியிடம் சொல்லி வையுங்கள். வீக் ஆஃப் அன்று ‘வர முடியுமா’ என்று போன் வந்தால் இந்த மாதம் முடியாது என்று சொல்லுங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்றால் அது பணிச்சோர்வைத் தாண்டிய விஷயம். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாம் செவிலியர்கள் இதில் ரொம்ப மோசம். நோயாளியை அனுப்புவோம், நாம் போக மாட்டோம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அது அரசின் மனநல உதவி எண், போன் போட்டால் தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை, எந்த நேரமும் கூப்பிடலாம். செத்துப் போகலாம் என்ற எண்ணம் ஒரு நிமிடம் வந்தாலும் அன்றைக்கே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

வேலையை விடுவது பற்றி. பத்து நாள் லீவு எடுத்து ஊருக்குப் போய்வாருங்கள். திரும்பி வந்து ஒரு மாதம் வேலை பாருங்கள், முடிந்தால் வேறு வார்டில். கேட்ட மாற்றங்களில் ஒன்றாவது நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் இருங்கள். ஒன்றும் நடக்கவில்லை, வயிற்றைப் பிசைவது நிற்கவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஒரிஜினல் சான்றிதழ்கள் மருத்துவமனையிடம் இருந்தால் அதைக் கேட்டு வாங்கும் வேலையை இப்போதே ஆரம்பியுங்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே மனசில்லாமல் வருடக்கணக்கில் கிடந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்கு டியூட்டி போடுங்கள். அவர் ரிவ்யூவுக்கு வரும்போது, மகளிடம் கேட்டுவிட்டு, மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பார்க்க விருப்பமில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள், அது அவர் உரிமை. பார்த்தால், ‘கேமோன் ஆச்சேன், மாஷிமா?’ என்று கேளுங்கள். ‘எப்படி இருக்கீங்க, சித்தி?’ என்று அர்த்தம். மன்னிப்பை மட்டும் உங்கள் வாயாலேயே தமிழில் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் அப்புறம் சொல்லட்டும். நீங்கள் எந்த ஊர் என்பதையும் சொல்லுங்கள். தூத்துக்குடிக் கடலிலும் அதை ஒட்டிய மன்னார் வளைகுடாவிலும் குளித்தெடுத்த சங்குதான் பல நூறு வருடமாகக் கப்பலேறி வங்காளத்துக்குப் போனது. டாக்காவில் சங்கறுப்பவர்கள் பெயரிலேயே ஒரு தெரு இருக்கிறது, ஷாங்காரி பஜார். உங்கள் ஊர்க் கடலில் மூச்சடக்கி மூழ்கியவர்கள் எடுத்துக் கொடுத்ததுதான் அங்கே ஷாக்கா ஆனது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். கேட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சிஸ்டர்